அழித்தால் அழிந்துவிடுமா?

ஈசூனில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். வரவேற்பறை அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. அது தாத்தா பயன்படுத்தியது. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதே புளோக்கின் நான்காம் மாடியில் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் சிறுவன் ஒருவன் வசிக்கிறான். அவனுக்கென்று சொந்தமாகக் கணினி இல்லை.

“சும்மா கிடக்கிற கணினிதானே, அந்தப் பையனுக்குக் கொடுத்துவிடலாமே” என்கிறார் பாட்டி.

“தாத்தாவின் படங்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன, பாட்டி?” என்று கேட்கிறாள் பேத்தி.

“அவருடைய வங்கிக் கணக்கு விவரம், மருத்துவமனைக் கடிதம்கூட அதில் இருக்கும்” என்கிறார் அப்பா. “எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுத்தால் போதும்.”

அப்பா சொல்வது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால், இங்கு இரண்டு ஆபத்துகள் உள்ளன. காப்பாற்ற வேண்டியதை இழந்துவிடலாம் என்பது ஒன்று. அழிக்க வேண்டியது அழியாமல் அப்படியே இருந்துவிடலாம் என்பது மற்றொன்று. பழைய கணினி ஒன்றில் புதிய இயங்குதளத்தை நிறுவ விரும்பும் எவரும் இந்த இரண்டையும் புரிந்துகொள்ள வேண்டும்.

கோப்பை அழிக்கும்போது நடப்பது என்ன?

நார்த்பாயிண்ட் சிட்டியில் உள்ள ஈசூன் பொது நூலகத்திற்குச் சென்றிருக்கிறீர்களா? அங்கு ஒரு நூலைத் தேட வேண்டுமானால், முதலில் கணினியில் உள்ள நூற்பட்டியலைப் பார்ப்போம். நூல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை அது காட்டும். இப்போது ஒருவர் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு நூலின் பெயரை மட்டும் நீக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் தேடுபவருக்கு அந்த நூல் கிடைக்காது. ஆனால், நூல் அடுக்கிலேயேதான் இருக்கும். அடுக்கடுக்காகப் பார்த்துக்கொண்டு போகிறவர் அதை எளிதாக எடுத்துவிடுவார்.

கணினியின் வன்தட்டிலும் இதுவே நடக்கிறது. ‘ஹார்ட் டிஸ்க்’ என்று நாம் அழைக்கும் வன்தட்டில், தரவுகள் மிகச் சிறிய கட்டங்களில் சேமிக்கப்படுகின்றன. எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பதைக் காட்ட ஒரு பட்டியலும் வன்தட்டிலேயே இருக்கிறது. நாம் ஒரு கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யும்போது, இயங்குதளம் அந்தப் பட்டியலில் ஒரு குறிப்பை மாற்றுகிறது. ‘இந்தக் கட்டங்களை இனி வேறு கோப்புக்குப் பயன்படுத்தலாம்’ என்பதே அந்தக் குறிப்பு. சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்தட்டில், வேறு கோப்பு அந்த இடத்தில் எழுதப்படும் வரை பழைய தரவு அங்கேயே இருக்கும்.

மிகப் பெரிய கோப்பைக்கூட ஒரு நொடியில் அழிக்க முடிவதற்குக் காரணம் இதுதான். கோப்பின் உள்ளடக்கத்தைக் கணினி தொடுவதே இல்லை. விரைவாக ‘ஃபார்மேட்’ செய்வதும் ஏறக்குறைய இப்படிப்பட்டதே. அது பழைய பட்டியலை எடுத்துவிட்டு, வெறும் பட்டியல் ஒன்றை வைக்கிறது. அடுக்கில் உள்ள நூல்கள் அப்படியே இருக்கின்றன.

158 வன்தட்டுகள் சொன்ன கதை

அமெரிக்காவின் மாசசூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகிய இருவர், 2000ஆம் ஆண்டுக்கும் 2002ஆம் ஆண்டுக்கும் இடையில் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கினர். அவற்றுள் 129 வன்தட்டுகள் வேலை செய்தன. அவற்றை ஆராய்ந்து, தங்கள் முடிவுகளை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

முறையாகத் துடைக்கப்பட்டிருந்த வன்தட்டுகள் 12 மட்டுமே. மற்றவற்றில் 5,000க்கும் மேற்பட்ட கடன்பற்று அட்டை எண்கள் கிடைத்தன. தனிப்பட்ட கடிதங்களும் மருத்துவத் தகவல்களும்கூட இருந்தன. பணம் எடுக்கும் இயந்திரத்தில் பயன்படுத்தப்பட்டதாகத் தெரிந்த ஒரு வன்தட்டில், வாடிக்கையாளர்களின் கணக்கு எண்கள் இருந்தன. அந்த வன்தட்டுகளை விற்றவர்களில் பலர், ‘நாம்தான் அழித்துவிட்டோமே’ என்று நம்பியிருப்பார்கள். அவர்கள் அழித்தது பட்டியலை மட்டுமே.

சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய விதிகள் 2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடப்புக்கு வந்தன. நிறுவனங்கள் நம்முடைய தகவல்களைத் தேவைக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று அச்சட்டம் சொல்கிறது. ஆனால், நம் வீட்டு அலமாரியில் உள்ள கணினியை எந்த நிறுவனமும் வந்து துடைத்துத் தராது. அந்தப் பொறுப்பு நம்முடையது.

முதல் வேலை: காப்பாற்றுதல்

“வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்” என்பது பழமொழி. வன்தட்டைத் துடைப்பதற்கு முன்பே, வேண்டியவற்றை வேறோர் இடத்தில் நகல் எடுத்துவைக்க வேண்டும். துடைத்த பிறகு வருந்திப் பயனில்லை.

எவற்றை நகல் எடுப்பது? படங்கள், காணொளிகள், ஆவணங்கள் ஆகியவை உடனே நினைவுக்கு வரும். மற்ற சிலவற்றை எளிதில் மறந்துவிடுவோம். கணினித் திரையில் நேரடியாகச் சேமித்தவை, ‘பதிவிறக்கங்கள்’ கோப்புறையில் உள்ளவை, இணைய உலாவியில் குறித்துவைத்த பக்கங்கள், பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் உரிம எண்கள் ஆகியவை அவற்றுள் சில.

நகலை இரண்டு இடங்களில் வைப்பது நல்லது. ஒன்றை வெளி வன்தட்டிலும் மற்றொன்றை இணையச் சேமிப்பகத்திலும் வைக்கலாம். பிறகு, அந்த நகல்களை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தவிர்த்துவிடுகின்றனர். கோப்பின் பெயர் தெரிகிறது என்பதால் அதன் உள்ளடக்கமும் சரியாக இருக்கிறது என்று பொருளாகாது. படம் திறக்கிறதா, குரல்பதிவு ஒலிக்கிறதா என்று சோதித்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் வேலை: ஆயத்தம் செய்தல்

தாத்தாவின் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. அந்த இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி முடிவடைந்தது. விண்டோஸ் 11ஐ முறையாக நிறுவ, கணினியில் சில புதிய பாதுகாப்பு வசதிகள் இருக்க வேண்டும். பல பழைய கணினிகளில் அவை இல்லை. அதனால் அவை பயனற்றவை என்று எண்ண வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. அதன் அடிப்படையில் அமைந்த உபுண்டு போன்ற இயங்குதளங்களை இலவசமாகப் பெறலாம், தமிழிலும் பயன்படுத்தலாம்.

புதிய இயங்குதளத்தை நிறுவ, 16 ஜிகாபைட் கொள்ளளவுள்ள விரலி ஒன்று போதும். இயங்குதளத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி, அதற்கென உள்ள மென்பொருளைக் கொண்டு விரலியில் எழுத வேண்டும். அப்போது விரலியில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உபுண்டு விரலியில் ஒரு வசதி உண்டு. வன்தட்டைத் தொடாமலேயே, விரலியிலிருந்து கணினியை இயக்கிப் பார்க்கலாம். திரை, விசைப்பலகை, கம்பியில்லா இணையம் ஆகியவை சரியாக வேலை செய்கின்றனவா என்பதை முதலில் சோதித்துக்கொள்ளலாம். புதிய வீட்டுச் சாவி சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதானே பழைய வீட்டைக் காலி செய்வோம்?

இறுதியாக, மின்னூட்டியைக் கணினியுடன் இணைத்துவிட வேண்டும். நகல் எடுத்த வெளி வன்தட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஏன் தெரியுமா? அடுத்து வரும் திரையில் வட்டுகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், காப்பாற்றி வைத்த நகலே அழிந்துபோகும். “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பார்கள். வட்டின் கொள்ளளவையும் தயாரிப்பாளர் பெயரையும் படித்துப் பார்க்காமல் எந்தப் பொத்தானையும் அழுத்தக் கூடாது.

மூன்றாம் வேலை: துடைத்தல்

சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்தட்டை உண்மையாகத் துடைக்க வேண்டுமானால், அதன் ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக எதையேனும் எழுத வேண்டும். பொதுவாகச் சுழியங்கள் எழுதப்படுகின்றன. பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்து வந்துவிடுவதால், பழையதைப் படிக்க முடியாது. உபுண்டு விரலியில் உள்ள ‘வட்டுகள்’ என்ற செயலியில் இதற்கான தெரிவு உண்டு. அது மெதுவானது என்ற குறிப்பும் அருகில் இருக்கும்.

எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கிட்டுப் பார்ப்போம். 500 ஜிகாபைட் என்பது 500,000 மெகாபைட். வன்தட்டு ஒரு நொடியில் 100 மெகாபைட் எழுதுகிறது என்று வைத்துக்கொண்டால், 5,000 நொடிகள் தேவை. அதாவது, ஏறக்குறைய 83 நிமிடங்கள். ஒரு நொடியில் முடியும் அழித்தலுக்கும் ஒன்றரை மணி நேரத் துடைத்தலுக்கும் உள்ள வேறுபாடு இப்போது புரிகிறது அல்லவா?

இப்படிப் பலமுறை எழுத வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை 35 முறை எழுதும் வழியைக் கூறியது. அது அக்காலத்தில் இருந்த பலவகை வன்தட்டுகளை மனத்தில் கொண்டு சொல்லப்பட்டது. இக்காலத்து வன்தட்டுக்குப் பொதுவாக ஒருமுறை முழுமையாக எழுதினாலே போதும்.

இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் சுழலும் தட்டுகள் இல்லை. ‘எஸ்எஸ்டி’ எனப்படும் திடநிலைச் சேமிப்பகம் இருக்கிறது. அதன் நினைவுக் கலங்களில் குறிப்பிட்ட அளவு முறைதான் எழுத முடியும். ஒரே கலம் விரைவில் தேய்ந்துவிடாமல் இருக்க, அதன் உள்ளே உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்தைப் பல கலங்களுக்குப் பகிர்ந்து அனுப்புகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத உபரிக் கலங்களும் அதில் உண்டு. எனவே, மேலே எழுதிவிட்டோம் என்று நாம் நினைத்தாலும், பழைய தரவின் ஒரு பகுதி வேறொரு கலத்தில் தங்கியிருக்கக்கூடும். இவ்வகைச் சேமிப்பகத்தைத் துடைக்க, அதற்கென்றே அதில் அமைக்கப்பட்டுள்ள அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். தயாரிப்பாளர் வழங்கும் மென்பொருளிலோ சில கணினிகளின் தொடக்க அமைப்புத் திரையிலோ இக்கட்டளை இருக்கும்.

நான்காம் வேலை: பிரித்தல்

துடைத்த வட்டு, சுவர்கள் எழுப்பப்படாத வெற்றுத் தளத்தைப் போன்றது. அதில் குடியேறுவதற்கு முன், எந்த இடம் படுக்கையறை, எந்த இடம் சமையலறை என்று பிரிக்க வேண்டும். கணினித் துறையில் இதைப் ‘பார்ட்டிஷன்’ செய்தல் என்பர். நாம் இதைப் பிரிவு அமைத்தல் எனலாம்.

வீட்டுக்கு ஒரு வரைபடம் இருப்பதைப் போல, வட்டுக்கும் ஒரு வரைபடம் உண்டு. எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அது காட்டும். இதில் இரண்டு வகைகள் உள்ளன. 1983ஆம் ஆண்டில் அறிமுகமான பழைய வகை ‘எம்பிஆர்’ எனப்படும். அதில் நான்கு முதன்மைப் பிரிவுகள் மட்டுமே அமைக்க முடியும். பொதுவாக 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை முழுமையாகப் பயன்படுத்த முடியாது. புதிய வகை ‘ஜிபிடி’ எனப்படும். அதில் வழக்கமாக 128 பிரிவுகள் வரை அமைக்கலாம். வட்டின் தொடக்கத்தில் உள்ள வரைபடத்தின் நகல் ஒன்று வட்டின் இறுதியிலும் இருக்கும். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். அண்மைக் காலத்துக் கணினிகளுக்கு ஜிபிடியே ஏற்றது.

தாத்தாவின் 500 ஜிகாபைட் வன்தட்டை இப்படிப் பிரிக்கலாம். முதலில் 1 ஜிகாபைட் அளவில் ஒரு சிறு பிரிவு. கணினியை இயக்கியதும் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் இதில் இருக்கும். அடுத்து 100 ஜிகாபைட் அளவில் இயங்குதளத்திற்கும் மென்பொருள்களுக்கும் ஒரு பிரிவு. மீதமுள்ள இடம் முழுவதும் பயனாளரின் கோப்புகளுக்கு. நாளை இயங்குதளத்தில் சிக்கல் வந்தால், இரண்டாம் பிரிவை மட்டும் அழித்து மீண்டும் நிறுவலாம். பள்ளி வேலைகள் மூன்றாம் பிரிவில் பத்திரமாக இருக்கும். ஆனால், தனிப் பிரிவில் வைத்திருப்பது நகல் எடுத்து வைத்ததற்கு ஈடாகாது. வட்டே பழுதானால் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்தே போய்விடும்.

இங்குச் சிலருக்கு ஓர் ஐயம் எழும். 500 ஜிகாபைட் என்று எழுதியிருக்கும் வட்டு, விண்டோஸில் ஏறக்குறைய 465 என்றே தெரியும். மீதி எங்கே போனது? எங்கும் போகவில்லை. தயாரிப்பாளர் 1,000 மெகாபைட்டை ஒரு ஜிகாபைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024ஐ அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகிறது. அளவு ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

ஐந்தாம் வேலை: நிறுவுதல்

பிரிவுகளை அமைத்த பிறகு, ஒவ்வொன்றையும் ‘ஃபார்மேட்’ செய்ய வேண்டும். அறைக்குள் அலமாரிகளை அடுக்கி, வெறும் பட்டியல் ஒன்றை மாட்டி வைப்பதற்கு இது சமம். அதன் பிறகே இயங்குதளம் அங்குக் குடியேற முடியும். நிறுவல் மென்பொருள் கேட்கும் மொழி, நேர வட்டாரம், பயனாளர் பெயர், மறைச்சொல் ஆகியவற்றைத் தந்தால், மற்ற வேலைகளை அதுவே செய்துகொள்ளும்.

“நிறுவல் மென்பொருளிலேயே ‘வட்டை அழித்து நிறுவு’ என்ற தெரிவு இருக்கிறதே! அதை அழுத்தினால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். சொந்தக் கணினியை நீங்களே தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அது போதும். ஆனால், அத்தெரிவு பெரும்பாலும் வரைபடத்தையும் பட்டியலையும் மட்டுமே புதிதாக எழுதுகிறது. புதிய இயங்குதளம் சில ஜிகாபைட் இடத்தையே எடுத்துக்கொள்ளும். மற்ற இடங்களில் பழைய தரவுகள் எஞ்சியிருக்கும். கணினி வேறொருவர் கைக்குச் செல்கிறது என்றால், முதலில் துடைத்துவிட்டு, அதன் பிறகே நிறுவ வேண்டும்.

ஒரு பழைய கணினியின் மதிப்பு

சிங்கப்பூருக்கும் வன்தட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சீகேட் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் இங்குத் தன் உற்பத்தியைத் தொடங்கியது. வேறு நிறுவனங்களும் வந்தன. 1980களிலும் 1990களிலும் வன்தட்டு உற்பத்தியில் சிங்கப்பூர் உலகின் முன்னணியில் இருந்தது. நம் பெற்றோர், தாத்தா பாட்டி தலைமுறையினர் பலர் அந்த ஆலைகளில் வேலை செய்திருக்கின்றனர்.

இன்று நாம் எதிர்நோக்கும் சிக்கல் வேறு. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. ஒருவருக்கு ஏறத்தாழ 11 கிலோகிராம் என்று இதைச் சொல்லலாம். 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், மின்னணுக் கழிவைச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கும் உண்டு. அதற்கான தொட்டிகளைப் பல பொது இடங்களில் காணலாம். இனிமேல் பழுதுபார்க்கவே முடியாத கணினியை அங்குச் சேர்க்கலாம். ஆனால், அதற்கு முன்பும் அதன் தரவுகளை அழித்துவிட வேண்டும்.

இன்னும் ஓடக்கூடிய கணினி கழிவாக வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கொவிட்-19 கிருமிப் பரவலால் பள்ளி மாணவர்கள் அனைவரும் வீட்டிலிருந்தபடியே பயில வேண்டியிருந்தது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளின் நிலை என்ன? அப்போது ‘எஞ்சினியரிங் குட்’ என்ற அறநிறுவனத்தின் தொண்டூழியர்கள், மக்கள் நன்கொடையாகத் தந்த பழைய மடிக்கணினிகளைப் பழுதுபார்த்து, வசதி குறைந்த குடும்பங்களுக்கு வழங்கினர். முன்பின் அறியாத ஒருவரிடம் தங்கள் கணினியைத் தரப் பொதுமக்கள் முன்வர வேண்டுமானால், அதில் உள்ள தகவல்கள் முறையாகத் துடைக்கப்படும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாததால்தான் பல கணினிகள் இன்னும் அலமாரிகளில் கிடக்கின்றன.

மீண்டும் அந்த ஈசூன் வீட்டிற்குச் செல்வோம். பேத்தி தாத்தாவின் கோப்புகளை வெளி வன்தட்டில் நகல் எடுக்கிறாள். சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறாள். அவற்றுள் ஒரு குரல்பதிவும் இருக்கிறது. கைப்பேசியில் பேசிப் பழகுவதற்காகத் தாத்தா பதிவு செய்து, பிறகு மறந்துவிட்டது. “கேட்கிறதா? கேட்கிறதா?” என்று அவர் கேட்கும் குரல் அறையில் ஒலிக்கிறது. பாட்டி சமையலறையிலிருந்து எழுந்து வருகிறார்.

அன்று மாலை, வெளி வன்தட்டு கழற்றப்பட்டு அலமாரிக்குள் செல்கிறது. அதன் பிறகே பேத்தி, துடைக்கும் பொத்தானை அழுத்துகிறாள். அடுத்த நாள் அந்த மடிக்கணினி நான்காம் மாடிக்குப் போகும். அதில் தாத்தாவின் வங்கிக் கணக்கும் இருக்காது. மருத்துவமனைக் கடிதமும் இருக்காது. அவருடைய குரல் மட்டும் பாட்டியிடம் இருக்கும்.